‘ரிப்பன்’ என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ‘நாடா’ பொருந்துமா?

கேள்வி
எழுதியவர்: மெய்ப்புநோக்குநர்

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி நூலகங்களுக்காகத் தமிழாக்கப்படும் சிறுவர் வாசிப்பு நூல்களுக்கு நான் மெய்ப்பு நோக்கி வருகிறேன். இப்போது என் கையில் இருக்கும் தொகுப்பில் ‘ரிப்பன்’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. ஒரு கதையில் சிறுமி ஒருத்தி சடையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள்கிறாள். இன்னொரு கதையில் ஊர்த்தலைவர் ரிப்பன் வெட்டிப் பாலத்தைத் திறக்கிறார். மூன்றாவதில் தாத்தாவின் தட்டச்சுப் பொறிக்குப் புது ரிப்பன் மாட்டப்படுகிறது. படைவீரர் ஒருவரின் மார்பில் ரிப்பனோடு பதக்கம் குத்தப்படுகிறது. எய்ட்ஸ் விழிப்புணர்வைப் பற்றிய கட்டுரையில் சிவப்பு ரிப்பன் வருகிறது. கடைசியாக, மலை உச்சியிலிருந்து பார்த்தபோது ஆறு ஒரு ரிப்பனைப் போலத் தெரிந்தது என்றும் ஒரு வரி இருக்கிறது.

ஒரே தொகுப்பில் ஒரே பொருளுக்கு ஒரே சொல்தான் இருக்க வேண்டும் என்று கூறி, பதிப்பாசிரியர் எல்லா இடங்களிலும் ‘நாடா’ என்று மாற்றச் சொன்னார். நானும் மாற்றினேன். ஆனால் அச்சுப்படியை வீட்டில் என் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, ‘அவள் தன் சடையில் சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டாள்’ என்ற வரியில் அவர் என்னை நிறுத்தி, “பாவாடை நாடாவை எடுத்து எதற்குத் தலையில் கட்டுகிறாள்?” என்று கேட்டார். அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வரியை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

‘ரிப்பன்’ என்பது எங்கிருந்து வந்த சொல், தமிழில் அது எந்தெந்தப் பொருளில் வழங்குகிறது, ‘நாடா’ அதற்கு நேரான தமிழ்ச் சொல்தானா என்பவற்றை அறிய விரும்புகிறேன். சென்னையிலுள்ள ரிப்பன் மாளிகைக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா என்று கதையைப் படித்துப் பார்த்த ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கும் நான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.


மறுமொழி 1
எழுதியவர்: பழைய தட்டச்சு ஆசிரியர்

அம்மா, மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தட்டச்சுப் பொறியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ரிப்பனின் மை என் விரல் நகங்களில் இருந்தது.

எங்கள் பயிலகத்தில் யாரும் அதை நாடா என்று சொல்லி நான் கேட்டதில்லை. தட்டச்சில் லோயர் என்ற தொடக்கநிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் பொறியைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக்கும் ‘ரிப்பன்’ என்றுதான் சொல்வார்கள். ‘சார், ரிப்பன் மங்கிடுச்சு’ என்ற குரல் நாளுக்கு நான்கு முறையாவது கேட்கும். பாடநூல்களில் ‘மைநாடா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்; படித்தால் பொருள் விளங்கும், பிழையான சொல்லும் அன்று. ஆனால் உங்கள் கதையில் வரும் தாத்தா அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பாளர் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக அது எப்படி வேலை செய்கிறது என்று விவரிக்கிறேன். பெரும்பாலான பொறிகளில் ரிப்பன் அரை அங்குல அகலமுள்ள, எண்ணெய் கலந்த மையில் ஊறிய பருத்தி அல்லது நைலான் துணிப்பட்டை. பழைய நாளில் பட்டிலும் செய்தார்கள். இடமும் வலமுமாக இரண்டு ஸ்பூல்கள் இருக்கும். ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் ரிப்பன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிது நகரும். எழுத்தை அடிக்கும் கணத்தில் ரிப்பன் மேலெழும்பி, எழுத்துக்கும் தாளுக்கும் நடுவில் நின்று அடி வாங்கிக்கொண்டு, உடனே கீழே இறங்கிவிடும். அப்படி இறங்காவிட்டால் அடித்த எழுத்தை நம்மால் பார்க்க முடியாது. ரிப்பனின் இரு முனைகளுக்கும் அருகில் ஒரு சிறு உலோகக் கண் பொருத்தியிருப்பார்கள். ஸ்பூல் தீரும் நேரத்தில் அந்தக் கண் ஒரு நெம்புகோலில் போய் இடிக்க, ஓட்டத்தின் திசை தானாக மாறும். அந்தக் கண் கழன்று விழுந்துவிட்டால் ரிப்பன் கடைசி முனையில் இழுபட்டு நிற்க, ஒரே இடத்தில் அடி விழுந்து விழுந்து துணி ஓட்டையாகிவிடும்.

இரு வண்ண ரிப்பனில் மேல் பாதி கறுப்பாகவும் கீழ்ப் பாதி சிவப்பாகவும் இருக்கும். எந்தப் பாதியில் அடி விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதில் நீலம், சிவப்பு, வெள்ளை என்று புள்ளிகள் இருக்கும். வெள்ளையில் வைத்தால் ரிப்பன் எழும்பவே எழும்பாது. எழுத்து நேராக மெழுகுத்தாளில் விழுந்து அதைக் கிழிக்கும். சைக்ளோஸ்டைல் முறையில் பல படிகள் எடுப்பதற்கான ஸ்டென்சிலை அப்படித்தான் வெட்டினோம். தமிழ்ப் பொறியில் மெய்யெழுத்தை அடிக்க முதலில் புள்ளியை அடிக்க வேண்டும், அதற்குத் தாளைத் தாங்கும் வண்டி நகராது; பிறகு எழுத்தை அடிப்போம். ஆகவே ‘ரிப்பன்’ என்ற சொல்லை அடிப்பதற்குள் அந்தத் துணி புள்ளிகளுக்கென்றே இரண்டு அடி கூடுதலாக வாங்கிவிடும்.

ரிப்பன் மங்கினாலும் எடுத்தவுடன் எறிந்துவிட மாட்டோம். ஒரு சொட்டு எண்ணெயைத் தடவிச் சுருட்டி ஓரிரவு வைத்தால், உள்ளே மிஞ்சியிருக்கும் மை பரவி இன்னும் சில நாள் வரும். தேர்வு நாளுக்கு மட்டும் எல்லாப் பொறிகளுக்கும் புது ரிப்பன் மாட்டுவோம். பிள்ளைகள் அன்று அடிக்கும் எழுத்தின் கறுப்பைப் பார்த்தே ஒரு தெம்பு கொள்வார்கள். தாத்தாவின் கதையில் அந்தச் சொல்லை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


மறுமொழி 2
எழுதியவர்: சொற்களஞ்சியம்

முதலில் மாணவியின் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். ரிப்பன் மாளிகைக்கும் துணி ரிப்பனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சென்னை மாநகராட்சியின் தலைமையிடமான அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு 1909இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1913இல் அது திறக்கப்பட்டது. 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தேர்தலும் பொறுப்பும் வேண்டும் என்ற 1882ஆம் ஆண்டுத் தீர்மானம் அவர் காலத்தது என்பதால், மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர் மிகப் பொருத்தமானதுதான். ரிப்பன் என்பது அவருடைய பட்டத்தில் உள்ள ஊரின் பெயர். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது.

இரண்டு வேறு சொற்கள் தமிழில் எப்படி ஒரே எழுத்துக்கூட்டுக்கு வந்து சேர்ந்தன என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. ஊர்ப் பெயரின் நடுவில் வரும் ஒலி ‘பாட்டு’ என்பதில் வரும் ப. துணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் வருவதோ ‘கம்பு’ என்பதில் வரும் பகரத்தின் ஒலி. ஆங்கிலக் காதுக்கு இவை இரண்டும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப என்பதோடு, நாம் அதை இரட்டித்தும் எழுதுகிறோம். இரட்டித்த பகரம் ‘அப்பம்’, ‘உப்பு’ என்பவற்றில் போல வல்லோசையாகத்தான் ஒலிக்கும். ஆகவே தமிழ் வாயில் துணியும் பிரபுவும் ஒரே ஓசை பெற்றுவிட்டனர். ‘ரப்பர்’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான். ஆங்கில எழுத்துக்கூட்டில் அந்த எழுத்து இரட்டையாக இருப்பதைக் கண்டு நாமும் இரட்டித்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. இன்றைய பிரெஞ்சில் அது ‘ரூபான்’ என்று வழங்குகிறது. அதன் பின்பகுதி, கட்டு அல்லது கச்சை என்று பொருள்படும் செருமானியச் சொல்லோடு உறவுடையது என்பது சொற்பிறப்பாளர்கள் பலருடைய கருத்து. ‘ரிபாண்ட்’ என்ற பழைய வடிவம் ஆங்கிலத்தில் ஓரிரு இடங்களில் இன்னும் நிற்கிறது. அட்லாண்டிக் கடலை மிக விரைவாகக் கடக்கும் பயணிகள் கப்பலுக்குரிய ‘புளூ ரிபாண்ட்’ என்ற பெருமை அவற்றில் ஒன்று. 1952இல் ‘யுனைட்டெட் ஸ்டேட்ஸ்’ என்ற கப்பல் அதைப் பெற்றது.

இனி ‘நாடா’ என்ற சொல்லுக்கு வருவோம். பதிப்பாசிரியர் அதைத் தூய தமிழ் என்று கருதியிருந்தால், அந்த எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இடுப்பில் கோத்து இழுத்துக் கட்டும் கயிறு என்ற பொருளில் இந்தியிலும் ‘நாடா’ உண்டு. அங்கிருந்து நமக்கு வந்த சொல் அது. உங்கள் தாயார் பாவாடை நாடாவை நினைத்ததில் வியப்பில்லை, அதுவே அச்சொல்லின் வீட்டுப் பொருள். நெசவாளர் வீட்டில் போய் ‘நாடா’ என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சுமந்துகொண்டு, நீளவாக்கில் உள்ள பாவு நூல்களின் இடையே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாய்ந்து திரும்பும் படகு வடிவக் கட்டை. ஜான் கே 1733இல் உருவாக்கிய நெசவுக் கருவியைப் பள்ளிப் பாடங்கள் ‘பறக்கும் நாடா’ என்று சொல்வதும் அந்தப் பொருளில்தான்.

பிற்காலத்தில் ‘நாடா’ நன்றாகப் பரவியது. அளவு நாடா, ஒலிநாடா, காந்த நாடா, நாடாப்புழு என்று எத்தனையோ கூட்டுச் சொற்களை அது தந்திருக்கிறது, அவை எல்லாம் நிலைத்தும்விட்டன. இவற்றை வரிசையாகப் பார்த்தால், நீளமாகவும் தட்டையாகவும் இருந்துகொண்டு ஒரு வேலையைச் செய்வதே நாடா என்று மக்கள் மனத்தில் பதிந்திருப்பது தெரியும். கட்டுவது, அளப்பது, பதிவு செய்வது ஆகியவை நாடாவின் வேலைகள். அழகுக்காகவும் அடையாளத்துக்காகவும் பிறர் கண்ணில் படும்படி கட்டப்படுவதை மக்கள் ரிப்பன் என்கிறார்கள். சடையில் கட்டுவதும் பரிசுப் பொட்டலத்தின்மேல் முடிச்சிடுவதும் ரிப்பன். ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருப்பதைத் தமிழ் தன் போக்கில் இரண்டாகப் பிரித்துக்கொண்டது. அப்படிப் பிரிந்ததை ஒருமைக்காகத் திரும்ப ஒன்றாக்குவது மொழிக்கு இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தட்டச்சு ஆசிரியர் ஐயா விவரித்த ரிப்பன் இந்தப் பிரிவுக்குள் அடங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது வேலை செய்யும் பொருள், ஆனாலும் பொறியோடு வந்த பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

மொழிமுதலில் ரகரம் வராது என்ற நன்னூல் விதியைக் காட்டி, ‘இரிப்பன்’ என்று எழுத வேண்டுமென யாரேனும் கேட்கக்கூடும். இராமன், உரோமம் என்று எழுதிய மரபு மதிப்புக்குரியது. இருந்தாலும் எட்டு வயதுக் குழந்தை படிக்கும் கதையில் ‘இரிப்பன்’ என்று இருந்தால் அது எந்தப் பொருளைச் சொல்கிறது என்று குழந்தை தடுமாறும்.


மறுமொழி 3
எழுதியவர்: வடமராட்சி வாசகர்

எங்கள் பக்கத்து வழக்கையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இலங்கையில் ஆங்கிலச் சொற்களின் தொடக்கத்தில் வரும் இந்த ஒலிக்குப் பலர் றகரத்தைப் பயன்படுத்துவார்கள். றோட்டு, றேடியோ என்பவற்றைப் போல இதையும் ‘றிபன்’ என்று ஒற்றைப் பகரத்தோடு எழுதுவது எங்களுக்குப் பழக்கம். சொற்களஞ்சியம் அவர்கள் சொன்ன விளக்கத்தின்படி பார்த்தால், நடுவில் வரும் பகரம் இரட்டிக்காததால் ஆங்கில ஒலிக்கு அது கொஞ்சம் நெருங்கி நிற்கிறது. உங்கள் நூல் எங்கள் பிள்ளைகளிடமும் வருமானால் ‘ரிப்பன்’ என்று இருப்பதில் ஒரு தடையும் இல்லை, அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

ஆனால் திறப்பு விழாவைப் பொறுத்தவரை எங்கள் செய்தித்தாள்களில் ‘நாடா வெட்டித் திறந்து வைத்தார்’ என்பதே வழக்கம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ‘ரிப்பன் வெட்டி’ என்று பார்க்கும்போது எனக்கு அது பின்னலில் கட்டிய றிபனை வெட்டியது போலத் தோன்றும். ஆகவே நாடா எது, றிபன் எது என்ற எல்லை இரண்டு கரைகளிலும் ஒரே இடத்தில் இல்லை. உங்கள் பாலத்துக் கதையில் எதை வைத்தாலும் பிழையாகாது என்பது என் எண்ணம்.

அந்தச் சடங்கில் துணியைவிட வெட்டும் செயலுக்கே பொருள் அதிகம் என்பதற்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சி உண்டு. 1932 மார்ச் 19ஆம் தேதி சிட்னி துறைமுகப் பாலத்தை நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜாக் லாங் ரிப்பன் வெட்டித் திறக்க இருந்தார். அவருடைய அரசியலை வெறுத்த அமைப்பொன்றைச் சேர்ந்த பிரான்சிஸ் டி குரூட் என்பவர், சீருடை அணிந்து குதிரையில் வந்து, முதல்வருக்கு முந்திக்கொண்டு தம் வாளால் ரிப்பனை வெட்டிவிட்டார். அவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அறுந்த ரிப்பனை மறுபடி முடிந்து, முதல்வர் கையால் இன்னொரு முறை வெட்ட வைத்தார்கள். பாலம் என்னவோ அங்கேதான் நின்றது, யார் வேண்டுமானாலும் நடந்து போயிருக்கலாம். இருந்தும் உரியவர் கை வெட்டாமல் அது திறக்கப்பட்டதாக ஆகாது என்று அனைவரும் கருதினார்கள்.


மறுமொழி 4
எழுதியவர்: கல்லூரி நூலகர்

எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கட்டுரையைப் பற்றி ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். அங்கே ‘சிவப்பு நாடா’ என்று மட்டும் அச்சிட்டுவிடாதீர்கள்.

காரணம் எளிது. ‘சிவப்பு நாடா’ என்றால் தமிழ் நாளிதழ் படிக்கும் எவருக்கும் அரசு அலுவலகத் தாமதம்தான் நினைவுக்கு வரும். கோப்புகளைச் சிவப்பு நாடாவால் கட்டி வைக்கும் பழைய ஆங்கிலேய அலுவலக வழக்கத்திலிருந்து வந்த தொடர் அது. ‘சிவப்பு நாடா முறையால் திட்டம் முடங்கியது’ என்று தலையங்கங்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். நோயோடு போராடியவர்களை நினைந்து சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னத்தை அதே பெயரால் அழைப்பது வருத்தத்துக்குரிய குழப்பமாக முடியும்.

இதற்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே நல்ல ஒரு சொல் இருக்கிறது. கல்லூரிகளில் இயங்கும் இந்த விழிப்புணர்வு அமைப்புக்குச் ‘செஞ்சுருள் சங்கம்’ என்று பெயர். நான் பணியாற்றும் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயரை முதன்முதலில் பார்த்தபோது, இதை யார் ஆக்கினாரோ அவர் அகராதியைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து ஆக்கியிருக்கிறார் என்று மகிழ்ந்தேன். மார்பில் குத்தும் அந்தச் சின்னம் நீளமாகத் தொங்குவதில்லை. சிறு துண்டு ஒன்றை வளைத்து, இரு முனைகளும் குறுக்காகக் கடந்து செல்லும்படி ஊசியால் குத்துகிறோம். கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த வளைவுதான், ஆகவே அது சுருள். செம்மையும் சுருளும் சேர்ந்து செஞ்சுருள் ஆனது. ‘செந்தாமரை’, ‘செங்கதிர்’ என்பவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும் அளவுக்கு இயல்பான கூட்டு அது.

அந்தச் சின்னம் 1991இல் நியூயார்க் நகரில் ‘விஷுவல் எய்ட்ஸ்’ என்ற அமைப்போடு இணைந்து செயல்பட்ட கலைஞர்கள் உருவாக்கியது. அதே ஆண்டு நாடகங்களுக்கான டோனி விருது விழா மேடையில் நடிகர் ஜெரமி அயர்ன்ஸ் அதை அணிந்து தோன்றியதும் உலகம் கவனித்தது. மார்பகப் புற்றுநோய்க்கான இளஞ்சிவப்பு ரிப்பன் அடுத்த ஆண்டு, 1992இல், பரவலாக வழங்கப்பட்டது. இந்தியாவில் 2007 டிசம்பர் 1ஆம் தேதி ‘ரெட் ரிப்பன் எக்ஸ்பிரஸ்’ என்ற விழிப்புணர்வு ரயில் புறப்பட்டது. அந்தப் பெயரை மட்டும் பெயர்ச்சொல்லாக அப்படியே எழுதுவது நல்லது.

கட்டுரையின் முதல் இடத்தில் ‘செஞ்சுருள் எனப்படும் சிவப்பு ரிப்பன்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு ‘செஞ்சுருள்’ என்றே தொடரலாம். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது அதே சொல்லைத்தான் பலகையில் பார்ப்பார்கள்.


மறுமொழி 5
எழுதியவர்: முன்னாள் படைவீரர்

பதக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். படையில் நாங்கள் அதை ரிப்பன் என்றே சொல்வோம். அன்றாடச் சீருடையில் பதக்கத்தை அணிவதில்லை. அதன் ரிப்பனிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் பட்டையில் வைத்து இடப்பக்கச் சட்டைப்பைக்கு மேலே குத்திக்கொள்வோம். அந்த நிறத்தைப் பார்த்தே இவர் எங்கே பணியாற்றினார், என்ன பெற்றார் என்று மற்றொரு வீரருக்கு விளங்கிவிடும். பரம் வீர் சக்கரத்தின் ரிப்பன் கோடு எதுவுமில்லாத ஊதா நிறம். அசோக சக்கரத்தின் ரிப்பன் பச்சை. அதன் நடுவே காவிக் கோடு ஒன்று ஓடும். ஆகவே அதைப் பதக்கத்தைத் தொங்கவிடும் துணி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். உலோகம் பெட்டிக்குள் இருக்கும் நாள்களில் விருதைச் சுமப்பது அந்தத் துணிதான். ‘நாடாவில் தொங்கிய பதக்கம்’ என்று எழுதினால் என் போன்றோருக்கு மனம் ஒப்பாது.


மறுமொழி 6
எழுதியவர்: பலகாரக்காரர் மகள்

சகோதரி, உங்கள் தொகுப்பில் இது வரவில்லை என்றாலும், ‘ரிப்பன்’ தமிழர் நாவில் அதிகம் புழங்குவது ரிப்பன் பக்கோடாவில்தான் என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் இரவும் பகலும் அதைப் பிழிவார். அரிசி மாவோடு கடலை மாவையோ பொட்டுக்கடலை மாவையோ கலந்து, மிளகாய்த் தூள், உப்பு, பெருங்காயம், எள் சேர்த்து, வெண்ணெயோ காய்ந்த எண்ணெயோ விட்டுப் பிசைவார். முறுக்கு அச்சில் வட்டத் துளையுள்ள தட்டுக்குப் பதிலாக நீளக் கீறல்கள் உள்ள தட்டைப் போட வேண்டும். அந்தக் கீறலின் ஒரு விளிம்பு நேராகவும் மறு விளிம்பு பல் பல்லாகவும் இருந்தால், பிழிந்து வரும் பட்டையின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வரிவரியாகவும் இருக்கும். கொதிக்கும் எண்ணெயில் அச்சை வட்டமாகச் சுற்றிக்கொண்டே பிழியும்போது பட்டை மடிந்து மடிந்து விழும். அடுத்த ஈடு போடும் முன்பு எண்ணெயின் சலசலப்பு அடங்கிவிட்டதா என்று அப்பா காதைக் கொடுத்துக் கேட்பார். அடங்கிவிட்டால் வெந்துவிட்டது என்று பொருள்.

எங்கள் கடைக்கு வருபவர்கள் அதை மூன்று பெயரில் கேட்பார்கள். இளைஞர்கள் ரிப்பன் பக்கோடா என்பார்கள், சிலர் நாடா பக்கோடா என்பார்கள், வயதான பெண்கள் பலர் ‘ஓலை பக்கோடா’ என்பார்கள். மூன்றும் ஒரே டப்பாவிலிருந்துதான் போகும். இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஓலைதான். நீளமும் தட்டையும் மெலிவும் ஒருங்கே உள்ள பொருளுக்கு, வெளியூர்த் துணி எதுவும் வந்து சேரும் முன்பே, பனை மரத்தில் நமக்கு ஒரு சொல் இருந்தது. துணிக்கு அது பொருந்தாது என்பது உண்மை. ஆனாலும் வேறு எங்கேனும் உங்களுக்குக் கைகொடுக்கக் கூடும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: மெய்ப்புநோக்குநர்

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்த மறுமொழிகளை அச்சிட்டுப் பதிப்பாசிரியரிடம் கொடுத்தேன். செஞ்சுருள் பற்றிய பகுதியைப் படித்ததும், ‘சிவப்பு நாடா’ என்பது இப்படிப் பொருள் தரும் என்று தமக்குத் தோன்றாமல் போனதே என்று வருந்தினார். சடை, தட்டச்சு, பதக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் ‘ரிப்பன்’ என்றே வைத்துக்கொள்ள இசைந்துவிட்டார். பாலத்துக் கதை இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் படிக்கப் போவதால், வடமராட்சி வாசகர் சொன்னதை எண்ணி, ‘குறுக்கே கட்டியிருந்த ரிப்பனை வெட்டி’ என்று எழுதியிருக்கிறோம். ‘குறுக்கே கட்டியிருந்த’ என்ற சொற்கள் இருப்பதால் அது பின்னலில் இருக்கும் ரிப்பன் அன்று என்பது யாருக்கும் விளங்கும்.

ஆற்றைப் பற்றிய வரி ஒன்றுதான் மீதியிருக்கிறது. ‘ஆறு ஒரு ரிப்பனைப் போலத் தெரிந்தது’ என்று விட்டால் ஏனோ கடையில் வாங்கிய பொருள்போல இருக்கிறது. ‘நாடாவைப் போல’ என்றால் அம்மாவின் கேள்வி மறுபடி வந்துவிடும். பலகாரக்காரர் மகள் சொன்ன ஓலையை இங்கே வைக்கலாமா?


மறுமொழி 7
எழுதியவர்: சொற்களஞ்சியம்

ஓலையை வைப்பதானால் காய்ந்த ஓலையா பச்சை ஓலையா என்று குழந்தை கேட்கும். ஆற்றின் மினுக்கமும் அதில் வராது. மூலத்தில் ஆசிரியர் எதைக் காட்ட விரும்பினார் என்று பாருங்கள். உயரத்திலிருந்து பார்க்கும்போது ஆறு அகலம் குறைந்து, வளைந்து, ஒளியோடு தெரிகிறது. அந்த மூன்றையும் சொல்லத்தான் ஆங்கிலத்தில் ரிப்பன் என்றார். தமிழில் உவமைப் பொருளே வேறாக இருந்தாலும் குற்றமில்லை. கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதினால் நான் சாவாளை மீனைத்தான் சொல்வேன். ஆங்கிலத்தில் ரிப்பன் மீன் என்று வழங்குவது அதைத்தான். வலையிலிருந்து எடுத்து மணலில் போட்டால் வெள்ளித் தகடாக வளைந்து கிடக்கும். உள்நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் நூல் என்றால், ‘கீழே ஆறு வெள்ளிச் சரிகைபோல வளைந்து கிடந்தது’ என்று எழுதிப் பாருங்கள். சரிகைக் கரையைப் பார்க்காத பிள்ளை நம்மிடம் இல்லை.


மறுமொழி 8
எழுதியவர்: மெய்ப்புநோக்குநர்

சரிகை பொருந்திவிட்டது. இன்று மாலை அம்மாவிடம் அந்தப் பக்கத்தை மறுபடி படித்துக் காட்டினேன். இந்த முறை அவர் எங்கேயும் என்னை நிறுத்தவில்லை. கதை முடிந்த பிறகு, நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது எனக்குக் கட்டிவிட்ட நீல ரிப்பனைத் தம் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொண்டுவந்தார். ஒரு முனை பிரிந்து நூல்நூலாகத் தொங்குகிறது. பிரியாமல் இருக்க மறுமுனையை அந்நாளில் விளக்குத் திரியில் லேசாகக் காட்டிக் கருக்கியிருக்கிறார். அந்தக் கருகல் இன்னும் கெட்டியாக இருக்கிறது.